விண்மீன் தொலைவும் ஆர்க்காட்டுக் கைவினைஞரும்

வானத்து விண்மீன் ஒன்று இத்தனை இலட்சம் கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது என்று பாடநூல் கூறுகிறது. மாணவர் அதனை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். பெரியவர்களோ, "யார் போய் முழம் போட்டுப் பார்த்தார்கள்?" என்று புன்னகைத்து அகலுகின்றனர். மனப்பாடம் செய்தவரை விடக் கேள்வி கேட்டவரே அறிவுக்கு நெருங்கியவர் என்பது நமது கருத்து. ஏனெனில் அக்கேள்விக்கு நேர்மையான விடை உண்டு. அவ்விடையைத் தேடிப் புறப்பட்டால், நாம் வாழும் காவிரிச் சமவெளியும் அந்த வரலாற்றில் ஓரிடம் பெற்றிருப்பதைக் காண்கிறோம். நமது சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு கைவினைஞரின் பெயரும் அங்கே நம்மை எதிர்கொள்கிறது. நம்மில் பெரும்பாலோர் அப்பெயரைக் கேட்டதில்லை.

இரயில் சாளரம் கற்பிக்கும் பாடம்

மயிலாடுதுறையிலிருந்து பூந்தோட்டம், நன்னிலம் வழியாகத் திருவாரூர் செல்லும் இரயிலில் சாளரத்தருகே அமர்ந்தவர் அனைவரும் ஒன்றைக் கண்டிருப்பர். தண்டவாளத்தையொட்டிய கம்பங்கள் விரைந்து பின்னோக்கி ஓடும். நடுவயலில் நிற்கும் தென்னை மெல்ல நகரும். தொலைவிலுள்ள பனைவரிசை நகர்வதே தெரியாது. வானத்துப் பிறையோ நம்முடனேயே வருவது போலத் தோன்றும். அசைவது நாமே, ஆயினும் அருகிலுள்ள பொருள் மிகுதியாகவும், தொலைவிலுள்ள பொருள் குறைவாகவும் இடம் மாறித் தோன்றுகின்றன. இதனையே அறிவியலார் 'இடமாறு தோற்றம்' என்பர்.

இத்தோற்றத்தை அளவாக மாற்றுவது எளிது. ஆற்றின் அகலத்தை அறிய வேண்டும். இறங்கிக் கடக்க இயலாது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்கரையில் நேரெதிரே ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, நமது கரையோரமாகவே கயிறு பிடித்து 30 மீட்டர் நடக்கிறோம். அங்கிருந்து அம்மரத்தை நோக்கும்போது, கரைக்கும் நமது பார்வைக்கும் இடையே 60 பாகைக் கோணம் அமைகிறது எனின், ஆற்றின் அகலம் சுமார் 52 மீட்டர் என்று கணக்கு கூறிவிடும். ஆற்றில் நனையாமலே அதன் அகலம் கிடைத்துவிட்டது. இதற்குத் தேவைப்பட்டவை இரண்டே: ஐயமற அளந்த ஓர் ஆதாரக்கோடு, பிழையற அளந்த ஒரு கோணம்.

விண்மீனின் தொலைவை அறியும் முறையும் இதுவே. வேறு மாயம் ஏதுமில்லை. ஆனால் ஆற்றுக்குப் போதிய 30 மீட்டர், விண்மீனுக்குப் போதாது. பூமியின் முழுக் குறுக்களவும்கூடப் போதாது. சூரியனைச் சுற்றிவரும் பூமி ஜனவரியில் ஓரிடத்திலும் ஜூலையில் அதற்கு நேரெதிரிலும் இருக்கின்றது. இவ்விரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 30 கோடிக் கிலோமீட்டர் உண்டு. அதுவே விண்மீனுக்குரிய ஆதாரக்கோடு. அக்கோட்டின் நீளத்தை அறிய முதலில் சூரியனின் தொலைவு தெரிய வேண்டும். சூரியனின் தொலைவை அறியப் பூமியின் அளவு தெரிய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறவேண்டிய மூன்று படிகள் இவை. மனித குலம் இப்படிகளை ஏறிய வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

நம் முன்னோர் இட்ட பெயர்

இடமாறு தோற்றத்திற்கு அரபு மொழியில் வழங்கிய பெயர் 'இக்திலாஃபுல் மன்ழர்' என்பது. பார்வையின் வேற்றுமை என்று பொருள்படும். பிறையை நோக்கியே மாதங்களைக் கணிக்கும் ஒரு சமுதாயம் இவ்வேற்றுமையைப் புறக்கணிக்க இயலாது. நிலவு நமக்கு மிக அருகில் உள்ளமையால், பூமியின் மையத்திலிருந்து கணக்கிடும் இடத்திற்கும், பூமியின் மேற்பரப்பில் நிற்பவர் கண்ணுக்குத் தோன்றும் இடத்திற்கும் ஏறத்தாழ ஒரு பாகை வரை வேறுபாடு நேரும். அது நிலவின் அகலத்தைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. மேலைத் தொடுவானத்தில் நாம் தேடும் இளம்பிறை, கணக்கிட்ட இடத்தினும் அவ்வளவு தாழ்ந்து தோன்றும். எனவே பிறை தென்படும் வாய்ப்பையும் சூரிய கிரகணத்தின் நேரத்தையும் கணித்த முஸ்லிம் வானியலார் இத்திருத்தத்தை நுணுக்கமாகக் கையாண்டனர். இந்தியச் சித்தாந்த நூலோர் இதனையே 'லம்பனம்' என்றனர். நாடுகள் வேறாயினும் நிலவு ஒன்றே. எனவே கணக்கும் ஒன்றாயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். மேலைநாட்டார் கண்டவை யாவற்றையும் நம் முன்னோர் முன்னரே கண்டுவிட்டனர் என்று மேடையில் முழங்குவது எளிது. ஆயின் அது முன்னோர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது. நிலவின் தொலைவை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்; விண்மீன்களின் தொலைவை அவர்கள் அறியவில்லை. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஃபர்கானீ, கிரேக்க அறிஞர் தாலமியின் வழிநின்று, நிலைபெற்ற விண்மீன்களின் வானம் பூமியின் ஆரத்தைப் போல் 20,110 மடங்கு தொலைவில் உள்ளதாகக் கணக்கிட்டார். இன்றைய அளவில் கூறினால் அது சுமார் 12.8 கோடிக் கிலோமீட்டர். சூரியனே சுமார் 15 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது என்று இன்று அறிவோம். அதாவது, அன்றைய உலகம் விண்மீன்களை வைத்த இடம் சூரியனுக்கும் இப்பாலாகப் போய்விட்டது.

இது அவர்களது மதிக்குறைவன்று. பூமி அசையாது நிற்கிறது என்ற அடிப்படையில் கட்டப்பட்ட கணக்கில், ஆறு மாத இடைவெளியில் விண்மீன் இடம் மாறுமா என்ற கேள்விக்கே இடமில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தலைசிறந்த வான்நோக்காளராகிய டைக்கோ பிராஹேயும் விண்மீன்களில் இத்தகைய அசைவு ஏதும் காணவில்லை; எனவே பூமி சுற்றுகிறது என்பதை அவர் ஏற்கவும் இல்லை. அசைவு இருந்தது, அதனைக் காணும் கருவிதான் எவரிடமும் இருக்கவில்லை.

முதற்படி: பூமியின் அளவு

முதற்படியில் நமது பெருமைக்குரிய பெயர் அல்பீரூனீ. குவாரிஸத்தில் 973ஆம் ஆண்டு பிறந்த அப்பேரறிஞர், இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையில் தங்கியிருந்தபோது, அருகிலிருந்த மலையின் உயரத்தை முதலில் அளந்தார். பின்னர் மலையுச்சியில் நின்று, எதிரே பரந்த சமவெளியின் தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என்னும் கோணத்தை அளந்தார். ஒரு மலையும் ஒரு சமவெளியும் ஒரு கோணமும் கொண்டு பூமி முழுவதன் ஆரத்தையும் கணித்துவிட்டார். பாலைவனத்தில் நடந்து அளந்த பழைய முறைக்கு அவர் கண்ட மாற்று இது. ஊர்களின் இருப்பிடத்தைத் திட்டமாகக் கணிப்பது குறித்து அவர் எழுதிய 'தஹ்தீத்' என்னும் நூலின் நோக்கங்களுள் ஒன்று கஸ்னா நகருக்குரிய கிப்லாவின் திசையைச் சரியாகக் காண்பது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வணக்கத்தின் தேவை அளவையின் நுட்பத்தை வளர்த்தது.

மலையில்லாத நாட்டில் இவ்வளவையை எவ்வாறு செய்வது? இக்கேள்வி நம் காவிரிச் சமவெளிக்கே உரியது. நன்னிலம் என்ற பெயரே நல்ல நிலம் எனப் பொருள்படுவது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நெல்வயலும், அதற்கப்பால் தென்னந்தோப்பும் மூங்கிற்புதருமாக விளங்கும் இவ்வட்டாரம் உழவருக்கு வாய்த்த வரம். நில அளவையாளருக்கோ பெருந்தொல்லை. ஏறி நின்று நோக்க ஒரு குன்றும் இல்லை.

வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் ஆதாரக்கோட்டைச் சங்கிலி கொண்டு பன்முறை சரிபார்த்து அளந்தார். அதன் இருமுனைகளிலிருந்தும் கோணங்களை அளந்து முக்கோணம் அமைத்து, அம்முக்கோணத்தின் பக்கத்தையே அடுத்த முக்கோணத்திற்கு ஆதாரமாகக் கொண்டு தென்னாடு முழுவதும் வலைபின்னத் தொடங்கினார். இந்தியப் பெருமுக்கோண அளவை என்று பின்னர் பெயர் பெற்ற முயற்சி இது. நாட்டின் வரைபடம் அதன் ஒரு பயன். பூமியின் வடிவையும் அளவையும் திட்டமாக அறிவது லாம்டனின் உள்ளத்தில் இருந்த பெரிய நோக்கம்.

அவர் பயன்படுத்திய 'தியோடலைட்' என்னும் கோணமானி இலண்டனில் செய்யப்பட்டது. அரை டன் எடையுள்ளது. அதன் வட்டத்தகடு 36 அங்குலக் குறுக்களவு கொண்டது. ஒரு பாகையில் 60ல் ஒரு பங்கு 'கலை'. கலையில் 60ல் ஒரு பங்கு 'விகலை'. அத்தகட்டின் விளிம்பில் ஒரு விகலை என்பது, ஒரு மில்லிமீட்டரை 450 கூறிட்டு அதில் ஒரு கூறு எனலாம். அவ்வளவு நுண்ணிய கருவியைத்தான், 1808ஆம் ஆண்டு, குன்றில்லாத தஞ்சையில் பெரிய கோயிலின் விமானத்தின் மீது கயிறு கட்டி ஏற்றினர். சுமார் 200 அடி உயரமுள்ள அவ்விமானத்தை விட உயர்ந்த இடம் இச்சமவெளியில் வேறு இல்லை. பாதிவழியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, வட்டத்தகடு உருக்குலைந்தது.

வேறொருவராயின் புதுக்கருவிக்கு இலண்டனுக்கு எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருப்பர். லாம்டன் ஏறத்தாழ ஆறு வாரம் கூடாரத்திற்குள்ளேயே அடைந்துகிடந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, வளைந்த தகட்டைச் சிறிது சிறிதாக இழுத்து வட்டத்திற்குக் கொணர்ந்தார். அக்கருவி மீண்டும் பல ஆண்டுகள் உழைத்தது. கருவியின் நலம் குன்றினால் பூமியின் அளவே குன்றும் என்பதைத் தஞ்சை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி இது.

இரண்டாம் படி: சூரியனின் தொலைவு

தஞ்சையில் கயிறு அறுவதற்கு 47 ஆண்டுகள் முன்பே, இதே காவிரிப் பகுதி இரண்டாம் படியிலும் பங்குகொண்டிருந்தது. வெள்ளிக் கோள் சில வேளைகளில் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நேராகச் செல்லும். அப்போது சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளி ஊர்வதுபோல் தோன்றும். பூமியின் வடக்கிலிருந்து நோக்குபவரும் தெற்கிலிருந்து நோக்குபவரும் அப்புள்ளி வெவ்வேறு பாதையில் செல்லக் காண்பர். அதுவும் பார்வையின் வேற்றுமையே. இரு இடங்களிலும் அது கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தை ஒப்பிட்டால் சூரியனின் தொலைவு கிடைக்கும் என்று 1716ல் எட்மண்ட் ஹாலி எடுத்துரைத்தார்.

இந்நிகழ்ச்சி 1761ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நேர்ந்தபோது, நன்னிலத்திற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில், அன்று டேனியர் ஆட்சியிலிருந்த அக்கடற்கரை ஊரில், கிறித்தவப் பாதிரிமார் தொலைநோக்கி வைத்து அதனைக் கண்டு குறித்தனர். சென்னையிலும் கல்கத்தாவிலும் அதே நாளில் நோக்கினர்.

புதுச்சேரியில் நோக்கவென்று பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ஜாந்தீலின் கதை உள்ளத்தை உருக்குவது. அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆடும் கப்பலில் நின்றபடியே அவர் வெள்ளியைக் கண்டார்; ஆயினும் அக்குறிப்பு கணக்கிற்கு உதவவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்காக எட்டாண்டு கீழைக் கடல்களிலேயே காத்திருந்து, 1768ல் புதுச்சேரி வந்து நோக்ககம் அமைத்தார். 1769ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் காலை, உரிய நேரத்தில் மேகம் சூரியனை மூடிற்று. நாடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிடும் முயற்சியில் இருந்தனர். எனினும் அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. புதுச்சேரியில் தங்கிய நாட்களில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று, அதன் செப்பத்தை வியந்து, ஐரோப்பாவுக்கு எடுத்துரைத்தார்.

இந்நிகழ்ச்சி மீண்டும் 1874 டிசம்பரில் வந்தது. அப்போது சென்னை நோக்ககத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அதனை மக்களுக்கு விளக்கும் சிறுநூலொன்றை எழுதி, உருது உட்பட நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். வானியல் உண்மை மக்கள் மொழிகளில் சென்று சேர வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கவலைப்பட்ட அப்பெருமகனை முஸ்லிம்களாகிய நாமும் நன்றியுடன் நினைத்தல் தகும்.

இவ்வாறு பல நாட்டார் பல ஊர்களில் கண்டவற்றைத் தொகுத்த பயனாக, 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சூரியனின் தொலைவு ஓரளவு நெருக்கமாக வாய்த்தது. இன்று அது 14 கோடியே 96 இலட்சம் கிலோமீட்டர் என்று திட்டமாகத் தெரியும்.

மூன்றாம் படி: விண்மீன் அசைந்தது

ஆதாரக்கோடு கிடைத்துவிட்டது. இனி வேண்டுவது கோணம். இங்கேதான் வானியலார் பல தலைமுறை தோற்றனர். 1720களில் ஜேம்ஸ் பிராட்லி என்னும் ஆங்கிலேயர் ஒரு விண்மீனை ஆண்டு முழுவதும் பின்தொடர்ந்தார். அது அசைந்தது, ஆனால் எதிர்பார்த்த திசையில் அன்று. ஆராய்ந்தபோது, பூமி ஓடுவதால் ஒளி சாய்ந்து வருவது போலத் தோன்றும் வேறொரு விளைவே அது என்று கண்டார். பூமி ஓடுகிறது என்பதற்கு அது சான்றாயிற்று; விண்மீனின் தொலைவோ இன்னும் கைக்கு எட்டவில்லை.

1830களில் மூவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் வென்றனர். ஜெர்மானியராகிய பெஸ்ஸல், அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்திலுள்ள 61ஆம் எண் மீனை, அதனருகே தோன்றும் மங்கிய மீன்களோடு ஒப்பிட்டு ஓராண்டுக்கு மேல் நோக்கி, 1838ல் முடிவை வெளியிட்டார். அவர் கண்ட கோணம் 0.314 விகலை. ஓர் அங்குல அகலமுள்ள நாணயத்தைப் பதினாறரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் எவ்வளவு கோணம் தாங்குமோ, அவ்வளவே அது. நன்னிலத்தில் நின்று, திருவாரூருக்கும் அப்பால் ஒருவர் கையிலுள்ள காசின் அகலத்தை அளப்பதற்கு ஒப்பான செயல்.

கணக்கு எளியது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு, ஒரு பொருளிலிருந்து நோக்க ஒரு விகலைக் கோணமாகத் தோன்றினால், அப்பொருள் சூரியனின் தொலைவைப் போல் 2,06,265 மடங்கு அப்பால் உள்ளது. அத்தொலைவை வானியலார் 'பார்செக்' என்பர். ஒளி அதனைக் கடக்க 3.26 ஆண்டுகள் ஆகும். கோணம் பாதியானால் தொலைவு இருமடங்காகும். மூன்றில் ஒரு பங்கானால் மும்மடங்காகும். எனவே பெஸ்ஸல் கண்ட மீன் சூரியனின் தொலைவைப் போல் சுமார் 6,57,000 மடங்கு அப்பால், அதாவது பத்து ஒளியாண்டுக்கு மேல் உள்ளது என்றாயிற்று. இன்றைய அளவு 11.4 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9 இலட்சத்து 46 ஆயிரம் கோடிக் கிலோமீட்டர்.

மற்ற இருவரும் நோக்கிய மீன்கள் அரபுப் பெயர் தாங்கியவை. ரஷ்யப் பேரரசில் பணியாற்றிய ஸ்துருவே அளந்தது 'வேகா'. 'அந்நஸ்ருல் வாகிஃ', இறங்கும் கழுகு, என்ற அரபுப் பெயரின் கடைச்சொல்லே வேகா என மருவிற்று. நம் நாட்டார் அதனை அபிஜித் என்பர். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஹெண்டர்சன் நோக்கியது 'ரிஜ்லு கந்தூரிஸ்', அதாவது கந்தூரிஸ் என்னும் குதிரைமனிதனின் பாதம். ஐரோப்பாவின் வடநாடுகளில் எழாத அம்மீன் நமக்குத் தெரியும். மே, ஜூன் மாதங்களின் முன்னிரவில், தென்திசையில், தென்னை உச்சிகளுக்குச் சற்று மேலே அது ஒளிர்வதை நம் வயல்வெளியில் நின்றே காணலாம். ஹெண்டர்சன் 1832லும் 1833லும் அதனை அளந்திருந்தும், தமது கருவியின் மீது ஐயம் கொண்டு முடிவை வெளியிடாமல் வைத்திருந்தார். பெஸ்ஸலின் வெற்றி வெளிவந்தபின், 1839 ஜனவரியில்தான் அறிவித்தார். அவர் கண்ட கோணம் உண்மையைப் போல் ஒன்றரை மடங்கு. ஆயினும் வழி சரியானது. அவ்விண்மீன் சுமார் நாலேகால் ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் உள்ளது. இன்றிரவு நாம் காணும் அதன் ஒளி புறப்பட்டபின், இங்கே நான்கு ரமழான்கள் வந்து சென்றுவிட்டன.

பெயரிட்டவர் நம் முன்னோர்; தொலைவை அளந்தவர் பிறர். இதில் நாணமும் வேண்டா, தற்பெருமையும் வேண்டா. அறிவு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிச் செல்லும் அமானிதம். வாங்கியவர் அதனைக் காத்தாரா, வளர்த்தாரா என்பதே கேள்வி.

கருவி செய்த கைகள்

பெஸ்ஸலின் வெற்றிக்குப் பின்னே ஒரு கைவினைஞர் இருந்தார். அவர் பயன்படுத்திய கருவி ஃபிரான்ஹோஃபர் என்பாருடைய பட்டறையில் உருவானது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கண்ணாடிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, உழைப்பால் உயர்ந்தவர் அவர். 1826ல் மறைந்த அவர், தம் கருவி விண்மீனை அளந்ததைக் காணவில்லை. எனினும் சூரிய நிறமாலையிலுள்ள கருங்கோடுகள் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. இன்று உலகெங்கும் இயற்பியல் மாணவர் அப்பெயரை உச்சரிக்கின்றனர்.

நம்மிடையேயும் ஒருவர் இருந்தார். ஸையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன் என்பது அவர் பெயர், ஊர் ஆர்க்காடு. சென்னையில் கடிகாரம் முதலிய நுண்பொருள்களைச் செப்பனிடும் தொழிலில் இருந்தவரை, நில அளவைத் துறையின் தலைவராயிருந்த பிளாக்கர், 1824ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே நில அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணி அவருக்கு வாய்த்தது. பின்னர் இலண்டனிலிருந்து தருவிக்கப்பட்ட பாரோ என்னும் கருவியாளர் அப்பட்டறையின் தலைவரானார். தஞ்சையில் விழுந்த அந்தப் பெரிய தியோடலைட்டும் அங்கேதான் புதுப்பிக்கப்பட்டது.

கருவிகளின் வட்டத்தகட்டில் கோணக்கோடுகளைப் பிரித்துப் பொறிப்பது உலகின் மிகக் கடினமான கைத்தொழில்களுள் ஒன்றாக அன்று கருதப்பட்டது. ஒரு விகலைக்கு மில்லிமீட்டரில் 450ல் ஒரு பங்கு என்று மேலே கண்டோம். கைநடுக்கம் அவ்வளவேனும் இருப்பின் கணக்கு பிழைக்கும். இத்தகைய கருவிகளைத் தொட்டுச் செப்பனிடும் தகுதி ஐரோப்பியருக்கே உண்டு என்று எண்ணிய காலம் அது. பாரோ சென்றபின், நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் முஹ்ஸின் ஹுஸைனின் மதிநுட்பத்தை எழுத்தில் புகழ்ந்து, அவரே அப்பதவிக்கு உரியவர் என்று பரிந்துரைத்தார். 1843ஆம் ஆண்டு அரசின் கணிதக் கருவியாளராக ஆர்க்காட்டு ஸையித் அமர்த்தப்பெற்றார். 1864ல் மறையும் வரை அவர் பணி தொடர்ந்தது.

அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான், 160 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சமவெளி நிலையங்களிலிருந்து இமயத்தின் சிகரங்களைத் தியோடலைட் கொண்டு நோக்கினர். ராதாநாத் சிக்தாரின் கணக்குப் பணியின் பயனாக, 15 என்று எண்ணிட்ட சிகரம் 29,002 அடி உயரமுள்ளது, உலகில் மிக உயர்ந்தது என்று 1856ல் அறிவிக்கப்பட்டது. அன்று அம்மலையில் எவரும் கால்வைத்திருக்கவில்லை. கால்வைக்காத இடத்தை அளக்கும் அதே கலைதான் விண்மீனையும் அளந்தது. சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் இடப்பட்டது. கணக்கிட்ட வங்காளியின் பெயரை வரலாற்று ஆர்வலர் சிலர் அறிவர். கருவிகளைக் காத்த ஆர்க்காட்டாரின் பெயரையோ, அவர் பிறந்த தமிழகத்திலேயே, அவர் சார்ந்த சமுதாயத்திலேயே, அறிந்தவர் மிகச்சிலர்.

இதற்கு ஆங்கிலேயரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவர்களது ஆவணங்களில் அவர் பெயர் இருக்கிறது; எடுத்துப் படிக்கத் தவறியவர் நாம். அரசர்களின் வெற்றியையும் கவிஞர்களின் புகழையும் பேசிய அளவுக்கு, அரமும் உளியும் ஏந்திய கைகளை நம் வரலாற்று நூல்கள் பேசவில்லை. கடிகாரம் செப்பனிடுபவரும், தட்டாரும், கொல்லரும் அறிவுலகத்தின் வாயிலுக்கு வெளியே நிற்பவர் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. அல்பீரூனீயோ தாமே கருவிகளை வடிவமைத்தவர். கைத்தொழிலையும் கல்வியையும் பிரித்து வைக்காத காலத்தில்தான் நாம் உயர்ந்திருந்தோம்.

இன்று எட்டிய எல்லை

பூமியில் நின்று நோக்கும்போது காற்று மண்டலத்தின் கலக்கம் விண்மீனை நடுங்கச் செய்யும். ஆகவே ஐரோப்பியர் 1989ல் ஹிப்பார்க்கஸ் என்னும் செயற்கைக்கோளை விண்ணில் ஏவினர். 1993 வரை உழைத்த அது 1,18,218 விண்மீன்களின் இடத்தைத் திட்டப்படுத்திற்று. 'ஸுஹைல்' என்று அரபியரும் அகத்தியமீன் என்று தமிழரும் வழங்கும் தென்வானத்துப் பேரொளி மீன், ஏறத்தாழ 310 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்பது அதன் அளவையால் விளங்கிற்று. 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா என்னும் கலம், 2025 ஜனவரி வரை நோக்கி, ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களைப் பட்டியலிட உதவியது. முறை மட்டும் மாறவில்லை. ஆறு மாத இடைவெளி, பூமியின் பாதை தரும் ஆதாரக்கோடு, ஒரு சிறு கோணம்: பெஸ்ஸல் கைக்கொண்டது எதுவோ அதுவே கையாவும் கைக்கொண்டது.

திருமறையின் அல்வாகிஆ அத்தியாயத்தில், விண்மீன்களின் நிலைகள் மீது இறைவன் ஆணையிடுவதையும், அது மகத்தான ஆணை என்று கூறுவதையும் நாம் ஓதி வருகிறோம். அந்நிலைகளின் மாட்சியை உணர, அவற்றின் தொலைவைச் சற்றேனும் எண்ணிப் பார்ப்பதும் ஒரு வழியன்றோ? அறிவியலைத் திருமறைக்குச் சான்றாக நிறுத்த வேண்டிய தேவை நமக்கில்லை. திருமறை நம்மைச் சிந்திக்க அழைக்கிறது, அவ்வளவே போதும்.

எனவே, "யார் போய் முழம் போட்டுப் பார்த்தார்கள்?" என்று கேட்கும் பெரியவரை நாம் வாழ்த்துவோம். எவரும் போகவில்லை என்று அவருக்குக் கூறுவோம். நந்தனா மலையிலும், தரங்கம்பாடிக் கரையிலும், தஞ்சை விமானத்தின் அடியிலும், கல்கத்தாப் பட்டறையிலும் இருந்தபடியே பலர் பொறுமையுடன் அளந்தனர் என்று விளக்குவோம். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பானாயின், அவனைக் கடிந்துகொள்ளுமுன் ஆர்க்காட்டு முஹ்ஸின் ஹுஸைனை ஒருகணம் நினைவுகூர்வோம். அவர் பெயரை அப்பிள்ளைக்குச் சொல்லிவைப்பதும் நம் கடமை.